அலர்ஜி ஊசி எவ்வளவு பாதுகாப்பானது? ஒரு விரிவான பதில்

உங்கள் மகளுக்கு 14 வயது. தூசியால் மூக்கு அலர்ஜி, கூடவே லேசான ஆஸ்துமா. மூன்று வருடம் அலர்ஜி ஊசி போடலாம் என்று டாக்டர் சொல்கிறார். ‘அந்த ஊசி போட்டு ஆட்கள் செத்தே போயிருக்கிறார்கள்’ என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. போடலாமா, வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறவினர் சொன்னது பொய் இல்லை. அலர்ஜி ஊசியால் மரணங்கள் நடந்திருக்கின்றன. பல வருடங்களாக இந்த ஊசியைப் போட்டு வருகிற டாக்டர் நான். அதை மறைத்துவிட்டு ‘ஒன்றும் ஆகாது, தைரியமாகப் போடுங்கள்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த மரணங்கள் யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் நடந்தன என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உடம்பில் தடிப்பு வந்தாலோ தும்மல் நிற்காவிட்டாலோ உடனடி நிவாரணத்துக்குப் போடுகிற ஊசியையும் பலர் அலர்ஜி ஊசி என்றுதான் சொல்கிறார்கள். அது ஹிஸ்டமினை (அலர்ஜியின்போது உடம்பு வெளிவிடும் ரசாயனம்) தடுக்கும் மருந்தாகவோ ஸ்டீராய்டாகவோ இருக்கும். வருடாவருடம் சீசன் வந்ததும் பல வாரங்கள் வேலை செய்கிற ஸ்டீராய்டை ஒரே ஊசியாகப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. எலும்பு தேய்வது, சர்க்கரை ஏறுவது, அட்ரினல் சுரப்பி மந்தமாவது போன்ற தீமைகள் எல்லாம் அந்த ஸ்டீராய்டுக்கு உரியவை. உங்கள் மகளுக்குச் சொல்லியிருக்கும் ஊசியில் ஸ்டீராய்டு கிடையாது. அவளுக்கு எது ஆகவில்லையோ அந்தப் பொருளின் சாறுதான் அதில் இருக்கிறது. அவள் விஷயத்தில், தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியின் புரதம்.

அதை மிக மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஊசியாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போவார்கள். இந்த ஏற்றும் கட்டம் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம். அப்புறம் நிலையான ஒரு டோஸ், ஏறக்குறைய மாதத்துக்கு ஒன்று, மூன்று முதல் ஐந்து வருடம். உடம்பு அந்தப் பொருளைப் பழகிக்கொள்கிறது. அலர்ஜிக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளுக்குக் குறுக்கே நிற்கிற ஐஜிஜி4 உருவாகிறது. சண்டையை அடக்குகிற வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன. மாத்திரையும் மூக்கு ஸ்பிரேயும் அன்றன்றைய தொல்லையை அடக்கும், நிறுத்தினால் தொல்லை திரும்பிவிடும். இந்த ஊசி அலர்ஜியின் போக்கையே மாற்றுகிறது. புல் மகரந்த ஊசியை மூன்று நான்கு வருடம் போட்டு நிறுத்தியவர்களுக்கு, அடுத்த மூன்று வருடமும் பலன் நீடித்ததை 1999-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மகரந்த அலர்ஜி உள்ள குழந்தைகளை ஐரோப்பாவில் பத்து வருடம் கவனித்தபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களில் புதிதாக ஆஸ்துமா வந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். இவ்வளவு பலன் இருப்பதால்தான் ஆபத்தைப் பற்றிப் பேசுவதற்கே அர்த்தம் இருக்கிறது.

ஆனால் ஆகாத பொருளையே உடம்புக்குள் செலுத்துகிறோம் என்பதை மறக்கக் கூடாது. ஆபத்தும் அங்கேதான் பிறக்கிறது. 1911-இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் லியோனார்ட் நூன் முதன்முதலாகப் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டுப் பார்த்தபோதே, அளவு மீறினாலோ அவசரப்பட்டாலோ நோயாளியின் அலர்ஜி கூடுகிறது என்று கண்டுகொண்டார். நூறு வருடம் தாண்டியும் அந்த எச்சரிக்கை அப்படியே நிற்கிறது.

சரி, அந்த மரணங்களுக்கு வருகிறேன்.

பிரிட்டனில் 1957-இலிருந்து நடந்த 26 மரணங்களை மருந்துப் பாதுகாப்புக் குழு 1986-இல் பட்டியலிட்டது. எதற்காக ஊசி போடப்பட்டது என்ற விவரம் கிடைத்தது அவர்களில் 17 பேருக்கு மட்டும். அந்த 17 பேரில் 16 பேருக்கு ஆஸ்துமா. அமெரிக்காவில் 1990 முதல் 2001 வரை நடந்த மரணங்களை டாக்டர்களிடம் கேட்டுத் தொகுத்தார்கள். அங்கேயும் முழு விவரம் நேரடியாகக் கிடைத்தது 17 பேருக்குத்தான். அவர்களில் 15 பேருக்கு ஆஸ்துமா, பெரும்பாலானவர்களுக்கு அது சரியான கட்டுப்பாட்டில் இல்லை. இரண்டு நாடுகள், வெவ்வேறு காலம், ஆனாலும் கதை ஒன்றுதான். தும்மலும் மூக்கடைப்பும் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த ஊசியால் உயிராபத்து வருவது மிக மிக அரிது. அடக்கப்படாத ஆஸ்துமாவோடு ஊசிக்கு வருகிறவர்தான் ஆபத்தில் இருக்கிறார்.

எவ்வளவு அரிது என்றால், அந்த அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய 25 லட்சம் ஊசிக்கு ஒரு மரணம். 2008-க்குப் பிறகு தொடர்ந்து எடுத்து வரும் கணக்கில் இது இன்னும் குறைந்திருக்கிறது. மருந்தின் அடிப்படை மாறவில்லை. ஊசிக்கு முன்னால் ஆஸ்துமாவைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் போடும் பழக்கம் வேரூன்றியதற்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கருத்து.

மரணம் வரை போகாத எதிர்விளைவுகள் இதைவிட அதிகம். ஊசி போட்ட இடம் சிவப்பது, அரிப்பது, வீங்குவது ரொம்ப சாதாரணம். ஐஸ் ஒத்தடமும் ஒரு அலர்ஜி மாத்திரையும் போதும். உள்ளங்கை அகலத்துக்கு வீங்கினால் பார்க்கப் பயமாக இருக்கும், ஆனாலும் அடுத்த ஊசியில் உடம்பு முழுக்க ஏதோ நடக்கப் போகிறது என்பதற்கு அது அடையாளம் இல்லை. டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் டோஸை முடிவு செய்யட்டும். உடம்பு முழுக்கப் பரவும் எதிர்விளைவு, வழக்கமான முறையில் போடும்போது, ஆயிரம் ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை வருகிறது. பெரும்பாலும் தடிப்பு, தும்மல், லேசான இருமல் என்ற அளவோடு அடங்கிவிடும். ஒருசிலருக்கு மட்டும் மூச்சுத்திணறலும் ரத்த அழுத்தம் விழுவதுமாக அனாபிலாக்ஸிஸ் ஆகிறது. உங்கள் மகள் மூன்று வருடத்தில் 50, 60 ஊசிக்கு மேல் போட்டுக்கொள்வாள். ஒரு தடவையாவது பரவலான எதிர்விளைவு வரலாம் என்று எதிர்பார்த்து, அதற்குத் தயாராக இருப்பதே புத்திசாலித்தனம்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது, ஊசி போடும் நாளில் அவளுடைய நெஞ்சு எப்படி இருக்கிறது என்பது. ‘லேசான ஆஸ்துமா’ என்ற பெயர் ஒரு பாதுகாப்பே இல்லை. லேசான ஆஸ்துமா கூட ஒரு சளியால் நான்கு நாள் மோசமாகும், அந்த நான்கு நாளுக்குள் ஊசி நாள் விழுந்துவிடும். என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு இளைஞர் நினைவுக்கு வருகிறார். பத்துப் பன்னிரண்டு ஊசி எந்தத் தொந்தரவும் இல்லாமல் போட்டிருந்தோம். அன்றைக்கு ‘எப்படி இருக்கீங்க?’ என்றதற்கு ‘நல்லா இருக்கேன்’ என்றார், போட்டுவிட்டேன். எட்டாவது நிமிடம் உள்ளங்கை அரிக்கிறது என்றார், உடனே தும்மல், அப்புறம் விடாத இருமல். இப்படிப்பட்ட நேரத்தில் உயிர்காக்கும் மருந்தான அட்ரினலினைத் தொடையில் போட்டதும் சில நிமிடங்களில் தணிந்தது. பிறகு கேட்டால், மூன்று ராத்திரியாக இளைப்பு இருந்ததாம். ஒரு வாரம் தவறினால் டோஸைக் குறைப்பார்களே என்று சொல்லாமல் விட்டிருக்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். கேள்வியை நான்தான் சரியாகக் கேட்கவில்லை. அன்றிலிருந்து ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். இந்த வாரம் ராத்திரி இருமலில் எழுந்தீர்களா, நிவாரண இன்ஹேலரை எத்தனை தடவை எடுத்தீர்கள், மாடி ஏறும்போது நெஞ்சு இறுகியதா என்று தனித்தனியாகக் கேட்கிறேன். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் ஊதச் சொல்கிறேன். வழக்கமாக ஊதும் அளவைவிடக் கணிசமாகக் குறைந்தால் அன்றைக்கு ஊசி இல்லை.

ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை செய்து பார்த்தால், ஒரு நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, அவளுடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தொடங்கவே கூடாது. முதலில் இன்ஹேலரால் ஆஸ்துமாவை அடக்கிவிட்டுத்தான் பேச்சு. ஊசி ஆரம்பித்தாயிற்றே என்று தினசரி இன்ஹேலரை நிறுத்துகிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஊசியின் பலன் தெரிய மாதங்கள் ஆகும், அதுவரை நெஞ்சைக் காப்பது இன்ஹேலர்தான்.

அடுத்து, சிரிஞ்சுக்குள் என்ன ஏறுகிறது என்பது. கேட்கச் சின்ன விஷயம் போல இருக்கும், ஆனால் பெரிய எதிர்விளைவுகளில் கணிசமானவை சாதாரண மனிதத் தவறால் வருகின்றன. ஏற்றும் கட்டத்தில் ஒரே நோயாளிக்கு வெவ்வேறு வலிமையில் நான்கைந்து குப்பிகள் இருக்கும், ஒன்றைவிட அடுத்தது பத்து மடங்கு வலிமை. குப்பி மாறினால் ஒரே நொடியில் டோஸ் பத்து மடங்காகிவிடும். ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்தால் ஒருவருடைய மருந்து மற்றவருக்குப் போய்விடலாம். அதனால் ஒவ்வொரு தடவையும் உங்கள் மகள் தன் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் சொல்லட்டும். குப்பியின் மேல் எழுதியிருப்பதை நர்ஸோடு சேர்ந்து அவளும் படிக்கட்டும். போன தடவை எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்கட்டும். நல்ல நர்ஸ் யாரும் இதற்குக் கோபப்படமாட்டார்கள், மாறாகச் சந்தோஷப்படுவார்கள்.

புதுக் குப்பி திறக்கும் நாளிலும் கவனம் வேண்டும். பழைய குப்பியின் வீரியம் நாளாக ஆகக் கொஞ்சம் குறைந்திருக்கும். அதே அளவைப் புதுக் குப்பியிலிருந்து எடுத்தால் உடம்புக்கு அது கூடுதல் டோஸ். அதனால் பலர் முதல் டோஸைக் குறைத்தே போடுகிறோம். வாரங்கள் தவறினாலும் அப்படித்தான், விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடராமல் ஒரு படி இறங்கி ஏற வேண்டும். மாதங்களில் ஏற்ற வேண்டியதை நாட்களில் ஏற்றிவிடும் விரைவு முறையும் இருக்கிறது. அதில் பரவலான எதிர்விளைவு தெளிவாக அதிகம். ஆஸ்துமா உள்ள ஒரு பெண்ணுக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்கமாட்டேன். அவசரம் எதுவும் இல்லையே.

மூன்றாவது, ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம். தீவிரமான எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை முதல் 30 நிமிடத்துக்குள் தொடங்கிவிடுகின்றன. அந்த அரை மணி நேரம் கிளினிக்கிலேயே, நர்ஸின் கண்ணில் படும் இடத்தில் உட்கார வேண்டும். காரில் உட்காருவதும் வாசலில் போன் பேசிக்கொண்டிருப்பதும் இதில் சேராது. 1986-க்குப் பிறகு பிரிட்டனில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றே விதித்தார்கள், பின்னால் ஒரு மணி நேரமாகக் குறைத்தார்கள். இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்கள் சொல்வது 30 நிமிடம். ஆனாலும் பரவலான எதிர்விளைவுகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்று அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவை பெரும்பாலும் லேசானவை, இருந்தாலும் அன்றைக்கு மாலை அவளைத் தனியாக விடாதீர்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் ஓட்டம், விளையாட்டு, கடும் உடற்பயிற்சி வேண்டாம். ரத்த ஓட்டம் வேகமானால் மருந்து வேகமாக உடம்பில் கலக்கும்.

ஆரம்ப அடையாளங்களை அவளுக்கே சொல்லிக்கொடுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால், தொண்டை அரிப்பது, திடீர்த் தும்மல் வரிசை, குரல் கம்முவது, இருமல், வயிற்றைப் பிரட்டுவது, காரணம் தெரியாத ஒரு பதற்றம். இந்த வயதுப் பிள்ளைகள் நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டுக் கழிப்பறைக்குப் போய்விடுவார்கள். உதவி கிடைக்காத இடத்துக்குப் போவதைவிட ஆபத்து வேறில்லை. தோன்றிய நிமிடமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

அப்படி ஏதாவது வந்தால் அங்கே என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு கிளினிக்கின் தரம் இருக்கிறது. அனாபிலாக்ஸிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத் தசையில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கில், பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மில்லிகிராம். தேவைப்பட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் இன்னொன்று. அலர்ஜி மாத்திரையும் ஸ்டீராய்டும் அதற்கு அப்புறம்தான், அவை மூச்சுக்குழாயையும் ரத்த அழுத்தத்தையும் அந்த நேரத்தில் காப்பாற்றாது. ‘முதலில் ஹிஸ்டமினைத் தடுக்கும் ஊசி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம், சரியாகாவிட்டால் அட்ரினலின்’ என்று தாமதிப்பது ஆபத்தானது. அட்ரினலின் போட்டால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். அந்தப் படபடப்புக்குப் பயந்து தள்ளிப்போட்டவர்கள்தான் வருந்தியிருக்கிறார்கள்.

ஆகவே தொடங்குவதற்கு முன்னால் போய், அட்ரினலின் எங்கே வைத்திருக்கிறீர்கள், யார் போடுவார்கள், ஆக்ஸிஜன் இருக்கிறதா, நான் காத்திருக்கும் நேரம் முழுக்க டாக்டர் இங்கே இருப்பாரா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினாலோ, ‘அதெல்லாம் தேவைப்படாது’ என்று சொன்னாலோ, அந்த இடம் வேண்டாம். குப்பியைக் கொடுத்து வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னால் கட்டாயம் வேண்டாம்.

சிலருக்கு இந்த ஊசியே ஒத்துவராது. அடங்காத அல்லது தீவிர ஆஸ்துமா, தீவிரமாக இருக்கும் தன்னெதிர்ப்பு நோய் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குவது), சிகிச்சையில் இருக்கும் புற்றுநோய் உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கிறோம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அட்ரினலினைச் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். அதனால் யாராவது அதை எடுத்துக்கொண்டிருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுத்ததாக இருந்தாலும் சரி. கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொடங்குவதில்லை, ஏற்கெனவே நிலையான டோஸில் இருந்து ஒத்துக்கொண்டிருந்தால் கூட்டாமல் தொடரலாம். காய்ச்சல் நாளில் யாருக்கும் கிடையாது.

நீண்ட காலத்தில் ஏதாவது வருமா என்றும் மனதில் இருக்கும். நோயெதிர்ப்பைக் கிளறிவிட்டு வேறு நோயை வரவழைத்துவிடுமோ என்பது நியாயமான சந்தேகம். டென்மார்க்கில் தேசியப் பதிவேடுகளை வைத்துப் பெரிய எண்ணிக்கையில் பார்த்தார்கள், 2012-இல் வெளியானது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் தன்னெதிர்ப்பு நோய்கள் கூடவில்லை, மாறாகக் கொஞ்சம் குறைவாகவே இருந்தன. அதை ஊசியின் புண்ணியம் என்று சொல்லிவிட முடியாது, கொஞ்சம் ஆரோக்கியமானவர்களே ஊசிக்கு வந்திருக்கலாம். ஆனால் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஊசிக்குப் பதில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தூசி உண்ணிக்கும் சில மகரந்தங்களுக்கும் இருக்கிறது. முதல் மாத்திரையை மட்டும் டாக்டர் முன்னால் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் இருந்தால், அப்புறம் வீட்டிலேயே தினமும் எடுக்கலாம். வாய் அரிப்பு, தொண்டைக் கரகரப்பு முதல் வாரங்களில் நிறையப் பேருக்கு வரும், ஆனால் கடும் எதிர்விளைவு ஊசியைவிடக் குறைவு. அடங்காத ஆஸ்துமாவோடு இதையும் தொடங்கக் கூடாது. மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் மாத்திரை எடுக்க 14 வயதுப் பெண்ணால் முடியுமா என்பதை என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள். உங்கள் டாக்டரிடம் இந்த வழியையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். ஊசியையே தேர்ந்தெடுத்தால், நிலையான டோஸுக்கு வந்து ஒரு வருடம் ஆகியும் பலன் தெரியவில்லை என்றால் நிறுத்துவது பற்றிப் பேசத் தயங்காதீர்கள். பலன் இல்லாத ஊசிக்கு எந்த ஆபத்தும் அதிகம்தான்.

என் மகளாக இருந்தால் போடுவேனா என்று கேட்டால், போடுவேன். தூசி உண்ணிதான் காரணம் என்று தோல் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ காட்டி, அவளுடைய தொல்லைகளும் அதற்குப் பொருந்தி வர வேண்டும். பரிசோதனையில் பாசிட்டிவ் என்பது மட்டும் போதாது. முதல் ஊசிக்கு முன்னால் ஒரு மாதமாவது ஆஸ்துமா அமைதியாக இருக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டில் காலை பீக் ஃப்ளோவையும் ராத்திரி இருமலையும் இன்றிலிருந்தே அவளை எழுதச் சொல்லுங்கள். ஊசிக்குப் போகும்போது அந்த நோட்டும், எடுத்துக்கொள்கிற எல்லா மருந்துகளின் பட்டியலும், நிவாரண இன்ஹேலரும் அவள் பையில் இருக்கட்டும்.